இடுப்பில் சென்ற குழந்தை எந்தச் சட்டத்தை மீறியது?

(கல்முனையில் ஆற்றிய உரை)



இந்தியாவின் குடியுரிமைச் சட்டத்தைக் கல்முனையில் பேசுவானேன் எனச் சிலர் வினவினர். அச்சட்டத்தின் வாயிலில் காத்து நிற்போர் நம் நாட்டினர், நம் மொழியினர். ஆதலாற் பேசுகின்றோம்.

1983 ஜூலைக் கலவரத்தின் பின்னும், 1990இல் போர் மீண்டும் மூண்டபோதும் பல்லாயிரவர் படகேறித் தமிழகம் சென்றனர். தாயின் இடுப்பில் அமர்ந்து சென்ற குழந்தைகள் இன்று நடுவயதினர். ஐம்பதினாயிரத்துக்கு மேற்பட்டோர் இன்னும் முகாம்களிலேயே வாழ்கின்றனர். கடவுச்சீட்டின்றி வந்தமையால் இவர்களுக்குச் சட்டம் இட்ட பெயர் ‘சட்டவிரோதக் குடியேறி’. 2003ஆம் ஆண்டுத் திருத்தம் அப்பெயருடையோர்க்குப் பதிவு வழியையும் அடைத்தது. இயல்புரிமை வழியையும் அடைத்தது. பேசத் தெரியாத குழந்தை எந்த அதிகாரியிடம் விசா கேட்டிருக்கும்?

மண்டபம் முகாமில் 1986இல் பிறந்த ஒரு பெண்ணை இந்தியக் குடிமகள் என 2022இல் மதுரை உயர்நீதிமன்றக் கிளை ஏற்றது. அவர் 1987 ஜூலை முதல் நாளுக்குப் பின் பிறந்திருப்பின், பெற்றோரில் ஒருவரேனும் இந்தியராக இருந்தாலன்றி அவ்வுரிமை இல்லை. நாட்காட்டியின் ஒரு தாள்தான் வேறுபாடு!

2019இல் வந்த திருத்தமோ மூன்று நாடுகளையும் ஆறு மதங்களையும் மட்டுமே பெயரிட்டது. முஸ்லிமை மதத்தால் விலக்கியது; இலங்கையின் இந்துவையும் கிறிஸ்தவரையும் நாட்டால் விலக்கியது. மாநிலங்களவையில் அது 125க்கு 105 என நிறைவேறிற்று. அ.தி.மு.க.வின் 11 வாக்குகள் எதிர்ப்பக்கம் விழுந்திருப்பின் அது தோற்றிருக்கும். தமிழர் வாக்கே தமிழ் அகதிக்குக் கதவடைத்தது. இதை மறைத்துப் பேச நம்மால் இயலாது. 2015 ஜனவரி 9க்கு முன் வந்து பதிவு செய்தோர்க்குத் தண்டனை இல்லையென 2025இல் டில்லி அறிவித்தது. தண்டிக்காமல் விடுவது உரிமை வழங்குவதாகாது.

டில்லியைக் குறைகூறும் நம் கை தூயதன்று. 1948ஆம் ஆண்டுச் சட்டத்தால் மலையகத் தொழிலாளரை நாடற்றோராக்கியது கொழும்பே. 1964இல் 9,75,000 பேரைக் கேளாமலே, 5,25,000 பேர் அங்கு, 3,00,000 பேர் இங்கு, 1,50,000 பேர் பின்னர் என்று பங்கிட்டனர். அவ்வழியினர் சிலரும் இம்முகாம்களில் உள்ளனர்.

பெர்மிட் காணிக்கு உறுதி கேட்டுக் கச்சேரி வாசலில் காத்திருந்த விவசாயிக்கு ஒரு தாளின் மதிப்பை நாம் விளக்க வேண்டியதில்லை. திரும்ப விரும்புவோரின் பிறப்பைத் தாமதக் கட்டணமின்றித் தூதரகம் பதிய வேண்டும். தங்க விரும்புவோரைச் சட்டவிரோதக் குடியேறிப் பட்டியலிலிருந்து டில்லி நீக்க வேண்டும். இவ்விரு கோரிக்கைகளும் அடங்கிய மனு மேடையருகே உள்ளது. கூட்டம் கலையுமுன் கையொப்பமிட்டுச் செல்லுங்கள்.