மருந்துவாழ் மலை: விழுந்ததா, மிஞ்சியதா?

கன்னியாகுமரிக்குப் போகிறவர்களுக்கு முக்கடலையும் பாறையையும் வள்ளுவரையும் நான் அறிமுகம் செய்ய வேண்டியதில்லை, அதனால் அவற்றை விட்டுவிடுவோம். நாகர்கோவில் சாலையில் கொட்டாரம் தாண்டினால் பொற்றையடி. அங்கே எழும்பி நிற்கிற மருந்துவாழ் மலைதான் இன்றைக்கு. மலையேற்றத்தில் பழகியவர்கள் இதைக் கேட்டதும் உதட்டைப் பிதுக்குவார்கள். அகத்தியர் மலை 1868 மீட்டர், மகேந்திரகிரி 1600 மீட்டருக்கு மேல், இந்தக் குன்றையெல்லாம் மலை என்று சொல்லலாமா என்பார்கள். மீட்டர் கணக்கில் அவர்கள் சொல்வது நியாயம்தான். ஆனால் அகத்தியர் மலைக்கு வனத்துறை அனுமதி வேண்டும், மகேந்திரகிரி உச்சியிலோ பல நாள் மேகம் கட்டிக் கிடக்கும். இந்த மலை வயல்வெளியிலிருந்து நேராக எழுவதால் ஏறுகிற ஒவ்வொரு அடியும் பார்வைக்கு லாபம். நாஞ்சில் நாடு எப்படி அமைந்திருக்கிறது என்று தெரிந்துகொள்ள இதைவிடத் தோதான இடம் கிடையாது.

அடிவாரத்திலிருந்து படிகள் இருக்கின்றன. பிள்ளைத்தடம் குகைக்குப் போய்விட்டால் அதற்கு மேல் பெரும்பாலும் பாறைதான், காற்றும் கூடவே ஏறிவரும். முகட்டில் நடக்கும்போது ஒரு பக்கம் வயலும் குளமும் தென்னையும், தூரத்தில் சுசீந்திரம் கோபுரமும். கிழக்கே திரும்பினால் காற்றாலைகள். தெற்கே கடல். வடக்கே தோவாளை மலைகளும் அவற்றுக்குப் பின்னால் மகேந்திரகிரியும் சுவர்போல நிற்கும். அந்தச் சுவருக்கும் இந்த மலைக்கும் நடுவே தட்டையான நிலம். சொல்லப்போனால் அந்த இடைவெளிதான் இன்றைய பேச்சே, நடையை இங்கேயே நிறுத்திவைக்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அனுமன் சஞ்சீவி மலையைத் தூக்கிக்கொண்டு இலங்கைக்குப் போகும்போது ஒரு துண்டு கீழே விழுந்தது, அதுதான் இந்த மலை என்பது ஊர்க் கதை. வால்மீகியில் அனுமனுக்கு மூலிகைகளை அடையாளம் தெரியவில்லை, சிகரத்தையே பெயர்த்துக்கொண்டு வருகிறான். கம்பன் இதற்கென்றே யுத்த காண்டத்தில் மருத்துமலைப் படலம் பாடியிருக்கிறான். துண்டு விழுந்த செய்தி மட்டும் இருவரிடமும் இல்லை. அப்படியானால் அது உள்ளூர்க்காரர்கள் சேர்த்தது. ஏன் சேர்த்தார்கள்? இந்தக் கதை ஒரு நில ஆய்வு என்பது என் கருத்து. பெரிய மலைத்தொடரை விட்டு ஒரு மலை மட்டும் ஏன் தனியாக நிற்கிறது என்று யாரோ கவனித்திருக்கிறார்கள், கவனித்ததற்கு ஒரு காரணமும் சொல்லியிருக்கிறார்கள்.

தலபுராணம் எழுதுகிறவர்கள் ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதுவது வழக்கம்தானே, இதிலே ஆய்வு எங்கே வந்தது என்று நீங்கள் கேட்கலாம். பார்த்து எழுதியிருக்கலாம், மறுக்கவில்லை. ஆனால் கதை எந்தெந்த மலையில் போய் உட்கார்ந்திருக்கிறது என்று பாருங்கள். திண்டுக்கல் பக்கம் சிறுமலை, பழனி மலையிலிருந்து பிரிந்து நிற்பது. இலங்கையில் காலித் துறைமுகத்துக்குப் பக்கத்தில் ருமஸ்ஸல, கடலோரத்தில் ஒற்றைக் குன்று. அனுராதபுரம் பக்கம் ரிட்டிகல, வறண்ட சமவெளிக்கு நடுவே 766 மீட்டருக்கு எழும்பி நிற்கிறது, கீழே காய்ந்த காடு, உச்சியில் ஈரம். எல்லாமே கூட்டத்தை விட்டு விலகிய மலைகள். நம் மாவட்டத்துக்குள்ளேயே இன்னொரு சாட்சி உண்டு. அழகியபாண்டியபுரம் பக்கத்துத் தாடகை மலைக்கும் ராமாயணக் கதைதான், ஆனால் அங்கே அனுமன் வரவில்லை. அந்த மலை தொடரோடு ஒட்டிக் கிடக்கிறது, ஒரு பெண் மல்லாந்து படுத்தமாதிரி அதன் வடிவம். அதனால் அங்கே தாடகை வந்து விழுந்தாள். கண்ணை மூடிக்கொண்டு கதையை ஒட்டியிருந்தால் இத்தனை பொருத்தமாக ஒட்டியிருக்காது.

சதுரகிரியைச் சொல்லி என்னை மடக்கலாம். அது மேற்கு மலைத்தொடரோடு சேர்ந்தது, அங்கேயும் சஞ்சீவிக் கதை உண்டு. சரியான கேள்விதான், என் வாதத்தைக் கொஞ்சம் திருத்திக்கொள்ள வேண்டியிருக்கிறது. தனிமை மட்டும் போதாது, மருந்தும் வேண்டும். சதுரகிரியில் சித்தர்களும் மூலிகையும் கதையை இழுத்திருக்கிறார்கள். மருந்துவாழ் மலையில் இரண்டுமே இருக்கின்றன.

ஆனால் மருந்து என்றால் என்ன? இங்கே வளர்கிற செடி வேறெங்கும் வளராது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். வறண்ட பாறைச் சரிவில் வளர்கிறவற்றில் பெரும்பாலானவை தென்தமிழகக் குன்றுகள் பலவற்றிலும் உண்டு. இந்த மலையின் சிறப்பு அது நிற்கிற இடம். பேச்சிப்பாறைப் பக்கம் மழை கொட்டும், காடு அடர்ந்தது, யானை நடமாட்டம் உள்ளது. தென்முனையில் மழை குறைவு, நெல்வயலை ஒட்டியே காய்ந்த சரிவு தொடங்கிவிடுகிறது. வர்ம வைத்தியமும் சித்த வைத்தியமும் வேரோடியிருந்த இந்த வட்டாரத்தில், அகஸ்தீஸ்வரத்து வைத்தியருக்கு இது வாசலில் வைத்த மருந்துப்பெட்டி. காலையில் ஏறி வேண்டியதைப் பறித்துக்கொண்டு மதியத்துக்குள் வீடு திரும்பலாம். (ஏறுகிறவர்கள் அவரைப் பின்பற்றிக் கைக்கு வந்ததையெல்லாம் பிடுங்க வேண்டாம். அவருக்குச் செடி தெரியும்.) ஊரை ஒட்டியும் இருக்க வேண்டும், ஊருக்குள் இல்லாமலும் இருக்க வேண்டும் என்று தேடியவர்களுக்கும் இதே இடம் பிடித்திருக்கிறது. 1888இல் அருவிப்புரத்தில் சிவலிங்கம் நிறுவுவதற்கு முன் நாராயண குரு தவமிருந்ததாகச் சொல்லப்படுவது பிள்ளைத்தடத்தில்தான். அய்யா வைகுண்டரின் சாமித்தோப்பும் இங்கிருந்து தொலைவில்லை, அய்யாவழிக்காரர்களுக்கும் இது புனித மலை.

புவியியல்காரர்கள் வந்து கதையை உடைத்துவிடுவார்களே என்றால், பாதி உடைப்பார்கள். பாறையைப் பார்த்தால் வடக்கே தெரிகிற தொடரின் இனம்தான், சுமார் 55 கோடி ஆண்டுகளுக்கு முன் பூமியின் ஆழத்தில் வெந்து உருமாறியது. எங்கிருந்தோ வந்து விழுந்ததல்ல. இடையிலிருந்த நிலத்தை மழையும் காற்றும் கோடிக்கணக்கான ஆண்டுகள் அரித்துக்கொண்டு போக, கெட்டியான பகுதி இங்கே மிஞ்சி நிற்கிறது. ஆக, இந்த மலை ஏன் தனியாக நிற்கிறது என்று ஊர்க்காரர்கள் கேட்ட கேள்வி சரி, சொன்ன விடை தப்பு. இன்னொரு வேடிக்கை. இந்தியாவும் இலங்கையும் ஒரே கோண்டுவானா நிலப்பரப்பில் ஒட்டிக்கிடந்தபோது உருவான பாறைகள் இவை, இலங்கையின் நடுமலைப் பாறைகளுக்கு நெருங்கிய சொந்தம். கதையில் இந்த மலையை இலங்கையோடு சேர்த்தவன் அனுமன். பாறையில் சேர்த்தது கோண்டுவானா. கதை கட்டியவர்களுக்கு இது தெரிந்திருக்க வழியில்லை, தற்செயல்தான், இருந்தாலும் சொல்லாமல் விட மனம் வரவில்லை.

நடையைப் பாதியில் விட்டேன் இல்லையா? உச்சிக்கு இன்னும் கொஞ்ச தூரம்தான், அங்கே அனுமனுக்கு ஒரு சின்னக் கோயில். வெயில் ஏறிவிட்டால் பாறையில் கால் வைக்க முடியாது, அதனால் விடிந்ததும் ஏறத் தொடங்குங்கள். தண்ணீரோடு ஒரு சீப்பு மட்டிப் பழமும் வாங்கிக்கொள்ளுங்கள். 2023இல் புவிசார் குறியீடு வாங்கிய பழம், நம்ம ஊர்க்காரர்கள் குழந்தைக்கு முதலில் கொடுப்பது. தோலை மட்டும் கீழே கொண்டுவந்து போட்டுவிடுங்கள்.