மெழுகு தாங்கும் சூடு

(சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

நம் வளாகத்தில் மின்சார ஸ்கூட்டர்கள் கூடிவருகின்றன. சார்ஜ் செய்யும் இடத்தை எங்கே வைப்பது என்று இன்று முடிவெடுக்கப் போகிறோம். அதற்கு முன் பேட்டரியின் சூட்டைப் பற்றிச் சில வார்த்தைகள்.

மார்கழியில் தேங்காய் எண்ணெய் உறைந்துவிடும். 24, 25 டிகிரி வந்தால் உருகிவிடும். எந்தப் பொருளும் உருகும்போது சூட்டை வாங்கிக்கொள்ளும். ஆனால் உருகி முடியும்வரை அதன் வெப்பநிலை பெரிதாக ஏறாது. ஒரு கிலோ ஐஸ் உருக எடுத்துக்கொள்ளும் வெப்பம், அதே ஒரு கிலோ தண்ணீரை 0 டிகிரியிலிருந்து 80 டிகிரிக்கு ஏற்றப் போதும். பள்ளியில் இதைத்தான் உள்ளுறை வெப்பம் என்று படித்தோம்.

இந்தக் குணத்தை வைத்து, மின்விசிறியும் பம்பும் இல்லாமல் பேட்டரியைக் காக்கலாம். செல்களைச் சுற்றிப் பாரஃபின் மெழுகை வைக்கிறார்கள். மெழுகு சூட்டை மெதுவாகத்தான் கடத்தும் என்பதால் கிராஃபைட்டும் சேர்க்கிறார்கள். 1971-இல் அப்போலோ 15 வீரர்கள் நிலவில் ஓட்டிய வண்டியிலேயே மெழுகுப் பெட்டிகள் இருந்தன. காற்றில்லாத இடத்தில் மின்விசிறியால் பயனில்லையே! ஓடும்போது கருவிகளின் சூட்டை மெழுகு வாங்கிக்கொண்டது. வண்டியை நிறுத்திய பிறகு தூசு மூடியைத் திறந்து அந்தச் சூட்டை வெளியேற விட்டார்கள்.

"நிறுத்திய பிறகு" என்பதுதான் முக்கியம். மெழுகு சூட்டை அழிப்பதில்லை; தள்ளிப்போடுகிறது. வங்கி ஓவர்டிராஃப்ட் மாதிரி, அதற்கும் ஒரு வரம்பு உண்டு. ஒரு கிலோ மெழுகு உருகும்போது சுமார் 200 கிலோஜூல் வாங்கும். பேட்டரியில் 100 வாட் வீதம் சூடு பிறக்கிறது என்று வைத்துக்கொண்டால், 33 நிமிடத்தில் வரம்பு தீர்ந்துவிடும். மெழுகு மறுபடி உறைந்தால்தான் கடன் அடைந்ததாகக் கணக்கு. சுற்றியுள்ள காற்று மெழுகின் உருகுநிலையைவிடக் குளிர்ச்சியாக இல்லாவிட்டால் அது உறையவே உறையாது.

இன்னொன்று. ஒரு செல் கெட்டுத் தீப்பிடிக்கும் நிலைக்கு வந்தால், சூடு பக்கத்துச் செல்லுக்குப் பரவுவதை மெழுகு தாமதப்படுத்தலாம். ஆனால் பாரஃபினும் எரியும் பொருள்தான். "தானே குளிரும் பேட்டரி" என்று விற்பனையாளர் சொன்னால், மெழுகு எத்தனை டிகிரியில் உருகும், மறுபடி உறைய எவ்வளவு நேரம் ஆகும் என்று கேளுங்கள்.

பல ஸ்கூட்டர்களில் மெழுகே கிடையாது. வெறும் காற்றில்தான் பேட்டரி ஆறுகிறது. எப்படி இருந்தாலும் நமக்கு வேண்டியவை மூன்று. வெயிலில் ஓட்டி வந்த வண்டியை ஆறவிட்டுப் பிறகு சார்ஜ் போடுங்கள். பேட்டரியைக் கழற்றிக் கொண்டுபோய்ப் படுக்கையறையிலோ வாசற்கதவை ஒட்டியோ வைக்காதீர்கள். சார்ஜ் செய்யும் இடம் அடித்தளத்தின் மூலையில் வேண்டாம். காற்றோட்டமும் நிழலும் உள்ள திறந்த பக்கத்தில், மாடிப்படிக்குத் தள்ளி இருக்கட்டும்.

மின்சார வண்டியைக் கண்டு பயப்படவும் வேண்டாம், அலட்சியமும் வேண்டாம். சூடு வெளியேற வழி விடுவோம். இந்த மூன்றையும் தீர்மானமாக ஏற்கும்படி குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.