கொடைக்கானல் பாதரசம்: மீன் செத்து மிதக்கலைன்னா பிரச்சனை இல்லையா?

(சுற்றுச்சூழல் கூட்டத்தில் நம் ஐடி விங் தோழர் பேசியதன் எழுத்து வடிவம்)



ஏரியில மீன் செத்து மிதந்தா மறுநாளே டிவி வரும், அதிகாரி வருவார், தண்ணி சாம்பிள் எடுப்பாங்க. மிதக்கலைன்னா யாரும் எட்டிப் பார்க்க மாட்டாங்க. உலோகக் கழிவு பெரும்பாலும் மிதக்க விடாது தோழர்களே, உள்ளுக்குள்ளயே வேலையைக் காட்டும்.

கொடைக்கானல் தெர்மாமீட்டர் ஆலை நமக்குத் தெரியும். அமெரிக்காவில் மூடின ஆலையை 1983-ல் இங்க கொண்டு வந்தாங்க. பின்னாடி இந்துஸ்தான் லீவர் கைக்குப் போச்சு. 2001-ல் ஊருக்குள்ள பழைய இரும்புக் கடையில பாதரசம் ஒட்டின கண்ணாடி உடைசல் மூட்டை மூட்டையா கிடந்தது வெளிய வந்து, மக்கள் போராடி மூட வெச்சாங்க. 2003-ல் சுமார் 290 டன் கழிவு அமெரிக்காவுக்கே திரும்பிப் போச்சு. 2016-ல் 591 முன்னாள் தொழிலாளர்களோட நிறுவனம் ஒப்பந்தம் போட்டது. அது போராடி வாங்கினது, யாரும் சும்மா கொடுக்கல.

மூட்டை கட்ட முடிஞ்சது கப்பல் ஏறிடுச்சு. தண்ணிக்குள்ள போனது?

பாதரசம் சாதாரண வெயிலுக்கே ஆவியாகும், காத்தோட போய் இறங்கும். கொடைக்கானல் ஏரியோட தண்ணி, அடிச்சேறு, மீன் மூணுலயும் பாதரசம் இருந்ததை 2006-ல் வெளியான ஆய்வு பதிவு செஞ்சிருக்கு.

நான் இன்ஜினியரிங் படிச்சவன், மீன் படிப்பு படிக்கல. ஆனா கணக்கு எளிசுதான். சேத்துல இருக்கற பாக்டீரியா பாதரசத்தை மீத்தைல் பாதரசமா மாத்துது. அதைப் பாசி எடுக்குது, பாசியை நுண்ணுயிர், அதைச் சின்ன மீன், அதைப் பெரிய மீன். ஒவ்வொரு படியிலயும் அளவு கூடுது. அது சதையிலயே ஒட்டிக்கும். கழுவினாலும் போகாது, வறுத்தாலும் போகாது. மீன் சாகாது, ஆனா முட்டை குறையும், எதிரி வந்தா தப்பிக்கற வேகம் குறையும். தாமிரம் கலந்தா மோப்பமே மங்கிடும். தாங்க முடியாத இனங்கள் சத்தமில்லாம காணாம போகும், தாங்கற ரெண்டு இனம் மட்டும் பெருகும். மேல நின்னு பார்க்கறவர், "மீன் துள்ளுதே, அப்புறம் என்ன?"ன்னு கேப்பார்.

ஆலை வளாகத்து மண்ணுல கிலோவுக்கு 20 மில்லிகிராம் வரை பாதரசம் இருக்கலாம்னு அளவு வெச்சிருக்காங்க. அதுக்குக் கீழ பாம்பார் சோலை. அந்தத் தண்ணி கும்பக்கரை அருவியா பெரியகுளம் பக்கம் இறங்குது. அங்க வாழற மீனுக்கு அந்த 20 சரிப்படுமான்னு யார் பார்த்தது?

நம்ம கோரிக்கை ஒண்ணுதான். தண்ணி சாம்பிள் மட்டும் போதாது. மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் வருஷா வருஷம் ஏரியிலும் பாம்பாற்றிலும் மீன் பிடிச்சு, இனம் வாரியா எண்ணி, சதையையும் சேத்தையும் சோதிச்சு, முடிவை இணையத்துல போடணும்.

கொடைக்கானல், பெரியகுளம் தோழர்கள் உங்க ஊர்ல மீன் பிடிக்கற பெரியவங்ககிட்ட கேளுங்க: முன்னாடி வலையில என்னென்ன மீன் விழுந்துச்சு, இப்ப என்ன விழுது? பேரோட எழுதி நம்ம பக்கத்துக்கு அனுப்புங்க. மனுவோட இணைச்சுக் கொடுப்போம்.