புள்ளிக்கு வலப்பக்கம்

இணைய முகவரி ஒன்றில் கடைசிப் புள்ளிக்கு வலப்பக்கம் நிற்கும் சொல்லைப் பராமரிக்கும் அமைப்புக்குப் பதிவகம் என்று பெயர். டாட் காமை வெரிசைன் நிறுவனம் பார்த்துக்கொள்கிறது. டாட் இன்னை நிக்சி என்ற இந்திய அமைப்பு பார்த்துக்கொள்கிறது. எந்தப் பெயர் யாருக்குக் கொடுக்கப்பட்டது, அது எந்த சர்வரைக் காட்டுகிறது என்ற பேரேட்டைச் சரியாக வைத்திருப்பதுதான் பதிவகத்தின் வேலை. கிராம நிர்வாக அலுவலரிடம் சிட்டாவும் அடங்கலும் இருப்பதால் ஊர் நிலமெல்லாம் அவருடையது ஆகிவிடாது. இங்கேயும் அப்படித்தான். 1994-இல் ஜான் பாஸ்டல் எழுதிய ஆர்.எஃப்.சி. 1591 என்ற ஆவணம், பதிவகம் நடத்துபவர் அந்தச் சமூகத்துக்காகப் பொறுப்பேற்றிருக்கும் அறங்காவலர், சொந்தம் பேசுவதற்கு அங்கே இடமில்லை என்று வகுத்தது.

பெரும்பாலான பதிவகங்கள் காசு கொடுத்தால் யாருக்கும் பெயர் கொடுக்கும். சில மட்டும் ஒரு குறிப்பிட்ட சமூகத்துக்கென்றே இயங்குகின்றன. அப்படி ஒன்று தொடங்க முறையான வாசல், ஐகான் என்ற உலக அமைப்பின் விண்ணப்பம். 2012-இல் அந்த வாசல் திறந்தபோது விண்ணப்பக் கட்டணம் 1,85,000 டாலர். வந்தவை 1,930 விண்ணப்பங்கள். சமூக விண்ணப்பம் என்ற முன்னுரிமை பெற 16 மதிப்பெண்ணுக்கு 14 வாங்கவேண்டியிருந்தது. பால்புதுமையினருக்காக டாட் கே என்ற பெயரைக் கேட்ட சமூக விண்ணப்பம் 10-இல் நின்றுபோனது. பெரிய இயக்கத்துக்கே அந்த நிலை என்றால், ஒரு ரசிகர் கூட்டம் அந்தப் பக்கம் எட்டிப்பார்க்க முடியாது.

ஆகவே பக்கவாசல். 2000-இல் தன்னார்வலர்கள் தொடங்கிய ஓப்பன்நிக், எந்தக் கடைசிச் சொற்கள் உண்டு என்று சொல்லும் தனி வேர்ப் பட்டியல் ஒன்றை ஐகானுக்கு வெளியே நடத்துகிறது. புதிய பெயர் வேண்டுவோர் அதற்கான விதிமுறையை எழுதிக் கொண்டுவர, உறுப்பினர்கள் வாக்களிக்கிறார்கள். டாட் கீக், டாட் பைரேட் ஆகியவற்றோடு அந்தப் பட்டியலில் டாட் ஃபர் என்ற ஒன்றும் உண்டு. அது ஃபர்ரி ரசிகர்களுக்கானது.

மனிதரைப் போல நடந்து, பேசி, உடுத்தும் விலங்குப் பாத்திரங்களை நேசிப்பவர்கள் ஃபர்ரிகள். பஞ்சதந்திரத்தில் வளர்ந்த நேயருக்கு இது விசித்திரமாகத் தோன்ற நியாயமில்லை. படம், காமிக்ஸ், கதை, முழு உடலையும் மூடும் விலங்கு உடை என்று 1980-களில் அமெரிக்காவில் உருவான கூட்டம் இது. அவர்களுடைய முதல் தனி மாநாடு 1989-இல் கலிஃபோர்னியாவின் கோஸ்டா மேசாவில் நடந்தது. பிட்ஸ்பர்க் நகரத்தில் 2006 முதல் ஆந்த்ரோகான் என்ற மாநாடு கூடிவருகிறது. இவர்களில் பலருக்கு ஃபர்சோனா என்ற ஒன்று உண்டு: தானே படைத்துக்கொண்ட விலங்கு உருவம், அதற்கென ஒரு பெயர், குணம், நிறம். அலுவலகத்தில் ஒரு பெயர், கூட்டத்தில் நரியாகவோ ஓநாயாகவோ இன்னொரு பெயர்.

இப்படிப்பட்ட கூட்டத்துக்குப் பதிவகம் நடத்த விதி எழுதுபவர் முதலில் தீர்க்கவேண்டிய கேள்வி, உள்ளே யார் என்பது. மற்ற விதிகள் எல்லாம் இதற்குப் பின்னால்தான். இதில் நல்ல பாடம் ஒன்று ஸ்பெயினில் இருக்கிறது. டாட் கேட் என்பது கட்டலான் மொழிக்கும் பண்பாட்டுக்கும் உரிய பெயர்; 2005-இல் ஐகான் ஒப்புதல் கொடுத்தது, மறு ஆண்டு ஏப்ரல் 23-இல், கட்டலான்கள் புத்தகமும் ரோஜாவும் பரிசளித்துக்கொள்ளும் சான்ட் ஜோர்டி நாளன்று, பதிவு எல்லோருக்கும் திறந்தது. தளம் கட்டலான் மொழியில் இருக்கவேண்டும், அல்லது அந்தப் பண்பாட்டோடு தொடர்பு வேண்டும் என்பது விதி. ஆனால் கேட் என்றால் ஆங்கிலத்தில் பூனை. உலகத்துப் பூனைப் பிரியர்களின் கண் அதன்மேல் விழாமல் இருக்குமா? வானவில்லை இழுத்துக்கொண்டு பறக்கும் நியான் கேட் என்ற பூனையின் தளமும் அந்தப் பெயரில்தான் இருக்கிறது. அதற்குக் கட்டலான் வடிவம் ஒன்று உண்டு. மொழி என்ற அளவுகோல் தெளிவாக இருந்ததால் பூனையும் உள்ளே வந்தது, விதியும் தப்பியது.

ஃபர்ரிகளிடம் அப்படி ஓர் அளவுகோல் கிடையாது. தனி மொழி இல்லை, ஊர் இல்லை, உறுப்பினர் அட்டை இல்லை. போதாததற்கு, ஃபர் என்ற சொல்லுக்கு உரோமத் தோல் என்பதே அகராதிப் பொருள். நரித்தோல் மேலங்கி விற்கும் கடைக்காரர் ஒருவர் பெயர் கேட்டு வந்தால் என்ன செய்வது? எழுத்தில் பார்த்தால் அவருக்கே பொருத்தம் அதிகம். கூட்டத்துக்கோ அதைவிடக் கசப்பான அண்டைவீட்டார் வேறு இல்லை. நோக்கத்தை முதல் வரியிலேயே எழுதிவைத்தால்தான் இத்தகைய விண்ணப்பத்தைக் காரணம் சொல்லித் திருப்பியனுப்ப முடியும். மற்றவர்களிடம் சான்று கேட்பது வீண்வேலை. நான் ஃபர்ரி என்று சொல்பவரின் வாக்கை ஏற்றுக்கொண்டு பெயரைக் கொடுத்துவிட்டு, புகார் வந்தால் மட்டும் தளத்தைத் திறந்து பார்ப்பதே நடைமுறைக்கு ஒத்துவரும். படமோ கதையோ உடையோ அங்கே இருந்தால் அதுவே சான்று.

அடுத்த சிக்கல் பெயரில். ஒரே ஃபர்சோனாப் பெயரை இரண்டு பேர் வைத்திருப்பது இந்தக் கூட்டத்தில் சாதாரணம். முந்தி வந்தவருக்கே என்ற விதி கடுமையாகத் தெரிந்தாலும் சண்டையைக் குறைப்பது அதுதான். இன்னொரு வழக்கமும் உண்டு. ஓவியர் ஒருவர் புதிதாக ஒரு பாத்திரத்தை வரைந்து விற்பார். வாங்கியவர் அதைத் தன்னுடையதாக்கிக்கொள்வார், சில வருடம் கழித்து வேறொருவருக்கும் விற்பார். பாத்திரம் கைமாறும்போது அதன் டொமைனும் கூடவே போகுமா? போகாது, பேரேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவரே எழுதிக்கொடுத்தால்தான் மாறும் என்று விதி சொல்லிவிடவேண்டும். ஐகான் 1999-இல் கொண்டுவந்த தகராறுத் தீர்வு முறை வணிகச் சின்னங்களுக்கானது. வணிகச் சின்னம் இல்லாத ஒரு நீலநிற ஓநாய்க்கு அது உதவாது. கூட்டத்துக்குள்ளேயே மூன்று பேர் கொண்ட நடுவர் குழு போதும்.

பேரேட்டில் எதை எழுதுவது என்பதிலும் கவனம் வேண்டும். ஒரு காலத்தில் டொமைன் வாங்கியவரின் பெயர், முகவரி, தொலைபேசி எண் எல்லாம் ஹூயிஸ் என்ற பட்டியலில் ஊரறியக் கிடந்தன. 2018-இல் ஐரோப்பிய தனியுரிமைச் சட்டம் நடைமுறைக்கு வந்தபிறகு பெரும்பாலானவை மறைக்கப்பட்டன. கேலிக்கும் தொல்லைக்கும் ஆளாகும் ஃபர்ரிகளுக்கு இந்த மறைப்பு உயிர்நாடி. வேலைசெய்யும் மின்னஞ்சல் ஒன்று மட்டும் கட்டாயம். அந்த மின்னஞ்சலும் அதே டொமைனில் இருக்கக்கூடாது. டொமைன் படுத்துவிட்டால் அது படுத்துவிட்டது என்று சொல்லும் கடிதமும் போய்ச்சேராது.

முறைகேடு பற்றிய விதி சுருக்கமாக இருப்பதே நல்லது. வைரஸ் பரப்புதல், ஏமாற்று, குழந்தைகளைச் சீரழிக்கும் படங்கள் என்றால் உடனே நிறுத்தம். ரசிகர்களுக்குள் நடக்கும் வாய்ச்சண்டை பதிவகத்தின் வேலையில் சேராது. ஆனால் உண்மையான முறைகேட்டை விட்டுவைக்க முடியாது: பெயர் தெரியாமை துஷ்பிரயோகத்துக்கு இடம் கொடுத்ததால், ஓப்பன்நிக் உறுப்பினர்கள் 2019-இல் டாட் பிட் என்ற பெயரையே வாக்கெடுத்து விலக்கினார்கள்.

விதிகளுக்கு அடியில் ஒரு சாதாரண எழுத்துக் கோப்பு இருக்கிறது. அதை மண்டலக் கோப்பு என்பார்கள். நரி டாட் ஃபர் என்ற பெயருக்கு நேம் சர்வரைக் குறிக்கும் வரியின் முடிவில் ஒரு புள்ளி வைக்கவேண்டும். விட்டுவிட்டால் கணினி தானாகவே மண்டலத்தின் பெயரைக் கடைசியில் ஒட்டி, என்எஸ்1 டாட் நரி டாட் ஃபர் டாட் ஃபர் என்று இல்லாத ஒன்றைத் தேடிப்போகும். கோப்பின் தலையில் வரிசை எண் ஒன்றும் உண்டு: வழக்கமாக ஆண்டு, மாதம், நாள், கூடவே இரண்டு இலக்கம், மொத்தம் பத்து. கோப்பைத் திருத்திவிட்டு இந்த எண்ணைக் கூட்ட மறந்தால், துணை சர்வர்கள் எதுவும் மாறவில்லை என்று நினைத்துப் பழையதையே சொல்லிக்கொண்டிருக்கும். மாற்றத்தைச் செய்பவர் ஒருவர், சரிபார்ப்பவர் இன்னொருவர் என்று ஒரு விதி வேண்டும் என்பது இதற்காகத்தான்.

பக்கவாசலுக்கு உரிய குறைகளைப் பெயர் கேட்டு வருபவரிடம் முன்னதாகவே சொல்லிவிடுவதும் விதியில் அடங்கும். கணினி பெயர்களைத் தேடும் டி.என்.எஸ். அமைப்பை ஓப்பன்நிக் சர்வருக்கு மாற்றிக்கொண்டவருக்கு மட்டுமே டாட் ஃபர் கண்ணில் படும். உலாவியில் பூட்டுச் சின்னம் வரவைக்கும் பொதுச் சான்றிதழ் கிடைக்காது. நாளை ஐகான் அதே சொல்லை வேறொருவருக்குக் கொடுத்துவிடவும் கூடும். டாட் ஃப்ரீ அப்படிப் பறிபோனதால்தான் ஓப்பன்நிக் டாட் லிப்ரே என்று பெயர் மாற்றிக்கொண்டது.

கடைசி விதி, பதிவகம் மூடப்படும் நாளைப் பற்றியது. தன்னார்வப் பதிவகங்களில் கடவுச்சொல் பெரும்பாலும் ஒரே ஆளிடம் இருக்கும். அவர் ஊர்மாறினாலோ சலித்துப்போனாலோ கூட்டமே முகவரி இழக்கும். பேரேட்டின் நகல் இன்னும் இரண்டு பேரிடமாவது இருக்கவேண்டும்; நிறுத்துவதானால் சில மாதம் முன்பே எல்லோருக்கும் எழுதவேண்டும். கோப்பை அழித்த நொடியிலேயே பெயர்கள் மறைந்துவிடுவதில்லை. ஒவ்வொரு வரிக்கும் குறித்திருக்கும் ஆயுட்காலம் வரை, அது 86,400 நொடி என்றால் ஒரு முழு நாள், அங்கங்கே உள்ள சர்வர்கள் தங்கள் நினைவிலிருந்து பழைய பதிலையே சொல்லும். அதன்பின் யார் கேட்டாலும் அந்தப் பெயருக்குப் பதில் கிடைக்காது.