வெளியே நிற்கும் அந்தச் சில நிமிடங்கள்



மலேரியாவில் படுத்து எழுந்தவர்களுக்குத் தெரியும்: எத்தனை போர்வை போர்த்தினாலும் அடங்காத நடுக்கம், அடுத்து அனலாகக் காய்ச்சல், அதன்பின் உடலை நனைக்கும் வியர்வை. ஒருநாள் விட்டு ஒருநாள் வரும் இந்த முறைக்காய்ச்சலின் காரணம் நம் சிவப்பணுக்களுக்குள் இருக்கிறது.

அனோபிலஸ் கொசு கடித்ததும் மலேரியா ஒட்டுண்ணி முதலில் கல்லீரலுக்குப் போய்ப் பெருகுகிறது. பிறகு மெரோசாயிட் என்ற நுண்ணுருவாக ரத்தத்தில் இறங்குகிறது. சிவப்பணுவோடு ஒப்பிட்டால், பூசணிக்காய்க்குப் பக்கத்தில் எலுமிச்சை. சில நிமிடங்களுக்குள் அது ஒரு சிவப்பணுவுக்குள் புகுந்தாக வேண்டும்; தாமதித்தால் அந்தத் திறனை இழந்துவிடும்.

நம் சிவப்பணு எதையும் தானாக விழுங்காது. ஒட்டுண்ணிதான் உழைத்து நுழைய வேண்டும். முதலில் எந்தப் பக்கம் பட்டாலும் ஒட்டிக்கொள்கிறது. பிறகு புரண்டு, தன் கூர்முனையைச் சிவப்பணுவின் மேல் பதிக்கிறது. அந்த முனையில் உள்ள சிறு பைகளிலிருந்து சில புரதங்களைச் சிவப்பணுவின் சவ்வுக்குள் செலுத்துகிறது. சுவரில் தானே முளை அடித்து, அதையே பற்றி ஏறுகிறவனைப் போல, தான் செலுத்திய புரதத்தைத் தானே இறுகப் பிடிக்கிறது. நம் தசைகளில் இருப்பவை போன்ற ஆக்டின், மயோசின் புரதங்கள் அதை உள்ளே தள்ளுகின்றன. சவ்வு உள்வாங்கி, ஒட்டுண்ணிக்கே உறையாகிவிடுகிறது. நுழைந்து முடிக்க ஒரு நிமிடம்கூட ஆவதில்லை.

உள்ளே அது ஹீமோகுளோபினைத் தின்று வளர்கிறது. ஃபால்சிபாரம், வைவாக்ஸ் என்ற ஒட்டுண்ணி வகைகளில் சுமார் 48 மணி நேரத்தில் பலவாகப் பெருகி, அணுவை உடைத்து வெளியேறுகின்றன. அந்த உடைப்பைத்தான் நாம் நடுக்கமாக உணர்கிறோம்.

நுழைய முடியாத அணுக்களும் உண்டு. மேற்கு ஆப்பிரிக்க மக்களில் மிகப் பெரும்பாலோரின் சிவப்பணுக்களில் டஃபி என்ற புரதம் கிடையாது. வைவாக்ஸ் பற்றிக்கொள்ளத் தேடுவது அதைத்தான். அது இல்லாதவர்களை வைவாக்ஸ் எளிதில் தொற்றுவதில்லை என்பதை ஆய்வாளர் லூயி மில்லர் குழுவினர் 1976-இல் காட்டினார்கள். உயிர்க்கொல்லியான ஃபால்சிபாரத்துக்கு பேசிஜின் என்ற வேறொரு புரதம் தேவை. அதைப் பற்ற ஒட்டுண்ணி நீட்டும் கை, ஆர்ஹெச்5 என்ற புரதம். 2011-இல் இந்த இணைப்பு கண்டறியப்பட்டது. அந்தக் கையை மடக்கும் தடுப்பூசி புர்கினா ஃபாசோவில் குழந்தைகளிடம் சோதிக்கப்பட்டிருக்கிறது.

அணுவுக்குள் போய்விட்ட ஒட்டுண்ணியை நம் உடலின் நோய் எதிர்ப்புப் புரதங்கள் தொடுவது கடினம். வெளியே நிற்கும் அந்தச் சில நிமிடங்களில்தான் அது நம் கைக்கு எட்டுகிறது. நமக்கோ, அடுத்த உடைப்புக்கு முன் 48 மணி நேரமே அவகாசம். ஆகவே நடுக்கத்தோடு காய்ச்சல் வந்தால் நாள் கடத்தாதீர்கள். அன்றைக்கே ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.