இருபது ரூபாய் பாட்டிலும் பதினஞ்சு வருஷப் பாதரசமும்

வழக்கமா நாலு ஊர்ல நாலு பேர் சொன்னதை எடுத்து வெச்சுப் பேசுவோம். இந்த வாரம் எல்லாமே ஒரே மலையில இருந்து: கொடைக்கானல்.

முதல் மேற்கோள் ஒரு விதி. 2024-ல திண்டுக்கல் மாவட்ட நிர்வாகம் அறிவிச்சது. கொடைக்கானல்ல 5 லிட்டருக்குக் குறைவான பிளாஸ்டிக் பாட்டில் வெச்சிருந்தா, பாட்டிலுக்கு 20 ரூபாய் பசுமை வரி. கூடவே இ-பாஸ் இருக்கு. உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7-ல ஆரம்பிச்சது. 2025 சீசனுக்கு இன்னும் இறுக்கி, வார நாள்ல 4,000 வண்டி, வார இறுதியில 6,000 வண்டின்னு கணக்கு வெச்சாங்க.

இது ரெண்டுக்கும் என் ஓட்டு உண்டு. மலை தாங்குற அளவுக்குத்தான் ஏறணும். ஆனா அந்த 20 ரூபாயோட வேகத்தைக் கவனிங்க. "என் பாட்டிலால இந்தச் சோலைக்காட்டுக்கு என்ன பாதிப்புன்னு முதல்ல நிரூபிங்க சார்"னு வெள்ளி நீர்வீழ்ச்சி சோதனைச்சாவடியில நின்னு நீங்க வாதாட முடியாது. நிபுணர் குழு கிடையாது. காசை எடு, கிளம்பு.

இப்போ ரெண்டாவது மேற்கோள். ஆண்டு 2015. சொன்னவர் பால் போல்மன், அப்போ யூனிலீவரோட உலகத் தலைவர். கொடைக்கானல் பிரச்சினையைத் தீர்க்க உறுதியா இருக்கோம்னு ட்விட்டர்ல எழுதிட்டு, தேவை உண்மைகள்தான், பொய்யான உணர்ச்சிகள் இல்லைங்கிற அர்த்தத்துல முடிச்சிருந்தார்.

எதுக்கு அந்த எரிச்சல்? அதுக்குக் கொஞ்ச நாள் முன்னாடிதான் சென்னைப் பொண்ணு சோஃபியா அஷ்ரஃப், நிக்கி மினாஜ் மெட்டுல 'கொடைக்கானல் வோன்ட்' பாடி, அது லட்சக்கணக்குல ஓடிக்கிட்டிருந்தது. நிக்கி மினாஜே பகிர்ந்தாங்க.

சரி, உண்மைதானே கேட்டார்? எடுத்துக்கலாம். அமெரிக்காவுல மூடின ஒரு தெர்மாமீட்டர் தொழிற்சாலையைப் பெட்டி கட்டி 1980-கள்ல கொடைக்கானலுக்குக் கொண்டு வந்தாங்க. அப்புறம் அது இந்துஸ்தான் லீவர் கைக்கு வந்தது. பாதரசத்தைக் கொதிக்க வைக்கவே வேண்டாம், சாதாரண அறை வெப்பத்துலயே ஆவியாகும். நிறம் கிடையாது, வாசனை கிடையாது. மூச்சுல போயி நரம்பையும் சிறுநீரகத்தையும் பிடிக்கும். 2001 மார்ச்ல, மூஞ்சிக்கல் பகுதி பழைய இரும்புக் கடையில, பாதரசம் ஒட்டின உடைஞ்ச கண்ணாடி டன் கணக்குல கிடக்கிறதை மக்களும் கிரீன்பீஸ்காரங்களும் வெளியில கொண்டு வந்தாங்க. ஆலை மூடுச்சு. 2003-ல சுமார் 290 டன் கழிவு கப்பல் ஏறி அமெரிக்காவுக்கே திரும்பிப் போச்சு. ஹைதராபாத்ல இருக்கிற மத்திய அரசு ஆய்வகத்து விஞ்ஞானிகள் கொடை ஏரியோட தண்ணி, வண்டல், மீன் எல்லாத்தையும் சோதிச்சாங்க. பேரிஜம், குக்கல் ஏரிகளை விட இங்க பாதரசம் அதிகம். 2006-ல வெளியான அந்தக் கட்டுரையோட தலைப்பே, தெர்மாமீட்டர் தொழிற்சாலையால ஏரியில வந்த மாசுன்னுதான் சொல்லுது.

இதுல எந்த வரி உணர்ச்சின்னு எனக்குத் தெரியல.

மூணாவது மேற்கோள், என் ஃபேவரைட். 2016 மார்ச். 591 முன்னாள் தொழிலாளர்களோட இந்துஸ்தான் யூனிலீவர் சமரசம் பண்ணிக்கிச்சு. எவ்வளவு பணம்னு சொல்லல. அறிக்கையோட சாரம் இதுதான்: தொழிலாளர் உடல்நலத்துக்கோ சுற்றுச்சூழலுக்கோ பாதிப்பு இல்லைன்னு பல ஆய்வுகள் சொல்லியிருந்தாலும், "மனிதாபிமான அடிப்படையில்" கருணைத் தொகை தர்றோம்.

இந்த வார்த்தையைக் கொஞ்சம் உருட்டிப் பாருங்க. இழப்பீடுன்னு சொன்னா, இழக்க வெச்சது யாருன்னு அடுத்த கேள்வி வரும். கருணைன்னு சொன்னா அந்தக் கேள்விக்கே இடமில்லை. வாங்குறவர் கும்பிடணும், கொடுக்கிறவர் தலை ஆட்டணும். வேலை செஞ்சு உடம்பு கெட்டுதுன்னு கோர்ட்டுக்குப் போனவங்க, பதினஞ்சு வருஷம் கழிச்சு தர்மம் வாங்கினவங்களா வெளிய வர்றாங்க. அந்தப் பணம் அவங்களுக்குத் தேவைப்பட்டது, கையெழுத்துப் போட்டதுல ஒரு தப்பும் இல்லை. என் கோபமெல்லாம் அந்த ஒரு வார்த்தை மேலதான்.

இப்போ அந்த 20 ரூபாய்க்கு வருவோம். அதை யாரும் "மனிதாபிமான அடிப்படையில் நாங்க மலைக்குக் கொடுத்த அன்பளிப்பு"ன்னு எழுதி வாங்க முடியுமா? ரசீதுல வரின்னுதான் இருக்கும். கெடுக்கிறவன் காசு கொடுக்கணும்ங்கிறது இந்தியச் சட்டத்துல உச்ச நீதிமன்றம் ஏத்துக்கிட்ட கொள்கைதான். பாட்டில் வெச்சிருக்கிறவனுக்கு அது அஞ்சு நிமிஷத்துல புரிய வைக்கப்படுது. ஆலை வெச்சிருந்தவங்களுக்குப் பதினஞ்சு வருஷம் ஆயும் "பாதிப்பு இல்லை"ன்னு எழுத வழி இருந்தது.

அதனால கொடைக்கானல் போறவங்க ஸ்டீல் பாட்டில் எடுத்துட்டுப் போங்க, மாட்டிக்கிட்டா முனகாம கட்டுங்க. அப்புறம் எந்த கம்பெனி அறிக்கையில "இருந்தாலும்"னு ஒரு சொல் வந்தாலும், அதுக்கு முன்னாடி இருக்கிற வரியை ரெண்டு தடவை படிங்க. அடுத்த வாரம் வேற ஊர், வேற வாய். வரட்டா?