புண்ணின் விளிம்பு

(திண்டுக்கல்லில் நடந்த வாசிப்பு வட்டக் கூட்டமொன்றில் பேசியது. பேச்சுநடை பெரும்பாலும் அப்படியே விடப்பட்டுள்ளது.)



உடம்பைப் பற்றிப் பேசப்போகிறேன் என்றதும் சிலருக்குச் சங்கடம் வந்திருக்கும். நியாயம்தான். சமூகத்தை ஓர் உடம்பாக்கி வாய், தோள், தொடை, பாதம் என்று பிறப்பால் பங்குபோட்ட கதை புருஷசூக்தத்திலிருந்து நம்ம மேல ஏற்றப்பட்டிருக்கு. அந்த உடம்பில் நமக்குப் பாதத்தில்கூட இடம் கிடையாது. 'எல்லா உறுப்பும் சேர்ந்து உழைக்குது பாருங்க, அதுமாதிரி ஒற்றுமையா இருங்க' என்பது அதே கதையின் இனிப்புத் தடவிய பதிப்பு. நான் பேச வந்தது வேறு உடம்பு. திண்டுக்கல் தோல்ஷாப்பில் சுண்ணாம்புக் குழிக்குள் நிற்கிற உடம்பு. அதன் கையில் புண் எப்படி மூடுது, ஏன் மூட மாட்டேங்குது என்பதுதான் விஷயம்.

சின்ன வெட்டு ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் இரத்தத்தட்டுகள் வந்து ஒட்டுகின்றன. ஃபைப்ரின் நூல் வலை பின்னி இரத்தம் உறைகிறது. ஒரு நாளைக்குள் வெள்ளணுக்கள் கிருமியோடு மல்லுக்கு நிற்கின்றன. பின்னாலேயே மேக்ரோபேஜ் என்ற பெருந்தின்னிச் செல்கள் வந்து செத்ததையும் அழுகியதையும் தின்று தீர்க்கின்றன. ஆக, முதலில் சுத்தம் பண்ணுவது, பிறகு மூடுவது. சீழை உள்ளே வைத்து மேலே தோல் மூடினால் அதுக்குப் பேர் கட்டி. சேரி எரிந்த மறுவாரமே நாற்காலி போட்டு நடக்கிற சமாதானக் கூட்டங்களை நீங்கள் பார்த்திருக்கிறீர்கள். அதைப்பற்றி இதற்குமேல் சொல்லத் தேவையில்லை.

அடுத்து விளிம்பு அசைகிறது. இந்தச் சொல்லை நாம் ரொம்ப நாளாகப் புழங்குகிறோம், அதனால் இங்கே கொஞ்சம் நிற்கலாம். மேல்தோல் செல்கள் பக்கத்துச் செல்லோடு கைகோர்த்து, கீழே அடித்தளத்தில் ஆணியடித்த மாதிரி உட்கார்ந்திருப்பவை. வெட்டு விழுந்ததும் தன் ஒரு பக்கம் காலியானதை விளிம்புச் செல் உணர்கிறது. சில மணி நேரத்தில் கீழ்ப்பிடியைத் தளர்த்தி, தட்டையாகி, மெல்லிய விரிப்பு ஒன்றை முன்னால் நீட்டி ஊர ஆரம்பிக்கிறது. பக்கத்துப் பிடியை முழுசாக விட்டுவிடுவதில்லை. பின்னாலுள்ளவை பிரிந்து பெருகி ஆள் சேர்க்கின்றன. முன்வரிசைதான் இழுக்குது, மற்றதெல்லாம் சும்மா இழுபட்டு வருது என்று நினைக்கத் தோன்றும். 2009ல் பார்சிலோனாவின் சேவியர் த்ரெபாட்டும் சக ஆய்வாளர்களும் ஆய்வுத்தட்டில் ஊரும் செல்விரிப்பின் விசையை அளந்து வெளியிட்டார்கள். விளிம்பிலிருந்து பல வரிசை தள்ளி இருக்கிற செல்லும் தரையைப் பிடித்து இழுக்கிறது! கருவில் இன்னொரு வழியும் உண்டு. 1992ல் பால் மார்ட்டினும் ஜூலியன் லூயிசும் கோழிக்கருவின் சிறகில் புண்ணைச் சுற்றி ஆக்டின் நாண் ஒன்று ஓடுவதைக் காட்டினார்கள். ஒவ்வொரு விளிம்புச் செல்லும் தன் பங்குக்கு ஒரு துண்டு நாண் வைத்திருக்கிறது. அப்பத்தா சுருக்குப்பை மாதிரி, இறுக இறுக வாய் மூடும். இதற்கெல்லாம் தலையிலிருந்து ஆணை வரவேண்டியதில்லை. எதிரெதிர் விளிம்புகள் சந்தித்ததும் ஊர்வது நிற்கிறது.

கீழே உள்தோலில் ஃபைப்ரோபிளாஸ்ட் செல்கள் கொலாஜன் நூற்கின்றன. கொலாஜன் மூன்று இழை முறுக்கிய கயிறு என்று 1954-55ல் சென்னைப் பல்கலைக்கழகத்திலிருந்து சொன்னவர்கள் ஜி. என். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும். மாட்டுத்தோலிலும் ஆட்டுத்தோலிலும் இருப்பது இதே கொலாஜன்தான். தோல் பதனிடுவது என்றால் இந்தக் கயிறுகளுக்கிடையே அழுகாத முடிச்சுப் போடுவது. முன்பு ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போட்ட முடிச்சு அது. 1970களில் அரைப்பதத் தோல் ஏற்றுமதிக்கு அரசு கட்டுப்பாடு வைத்தபிறகு குரோம் பெருகியது. செத்த தோலை அழுகவிடாத தொழில் உயிருள்ள தோலை ஆறவிடாத தொழிலுமாச்சு.

எப்படி என்று கேட்டால், மயிர் கழற்றும் குழியில் சுண்ணாம்பும் சோடியம் சல்ஃபைடும் இருக்கு. மயிரைக் கரைப்பதுதான் அதன் வேலை. மயிரும் நம்ம மேல்தோலும் கெரட்டின் என்கிற ஒரே வகைப் புரதம், மருந்துக்கு மாட்டையும் மனுஷனையும் பிரிக்கத் தெரியாது. குரோமில், பதனிடுகிற உப்பு தீங்கு குறைந்தது. அந்த உப்பைத் தயாரிக்கப் பயன்படும் டைக்குரோமேட் அப்படியில்லை, செல்லுக்குள் நுழைந்து கொல்லும். ஒரு கீறல் இருந்தால் போதும். ஓரம் தடித்து நடுவில் குழிந்த புண்ணாக நகக்கண்ணிலும் விரல் முட்டியிலும் இறங்கும். பல சமயம் வலிக்காது. வலிக்காத புண்ணுக்கு யார் லீவு கொடுப்பாங்க? விளிம்புச் செல் இரவெல்லாம் ஊர்ந்து சேர்த்ததைக் காலையில் குழி கரைத்துவிடும். செல்களுக்குள்ளே ஒற்றுமைக் குறைவு ஒன்றும் இல்லை. அதுகளுக்கு நாள் வேணும். கூலியோடு நாள் வேணும்.

நான் வங்கிக் கவுண்டரில் உட்காருகிறவன். பெருவிரலைக் கருவியில் வைத்துப் பணம் எடுக்க வருகிற பழைய தோல்ஷாப் ஆட்களுக்கு 'ரேகை பொருந்தவில்லை' என்று வரும். வேட்டியில் துடைத்து, எச்சில் தொட்டு, திரும்ப வைப்பார்கள். மேல்தோல் மட்டும் உரிந்தால் அதே ரேகை மறுபடி வரும், வரைபடம் அடியில் இருக்கிறது. புண் உள்தோல்வரை இறங்கினால் மிஞ்சுவது தழும்பு. தழும்புக்கு ரேகை கிடையாது. பழைய வலுவில் 80 சதத்துக்குமேல் திரும்புவதுமில்லை.

இந்த ஊர்த் தோல் தொழிலாளர் வாழ்க்கையை டி. செல்வராஜ் 'தோல்' நாவலில் எழுதி, அதற்கு 2012ல் சாகித்திய அக்காதெமி விருது கிடைத்தது. படிக்காத தோழர்கள் படிச்சிடுங்க. 1996 ஆகஸ்ட் 28ல் வேலூர் குடிமக்கள் வழக்கில் உச்சநீதிமன்றம், திண்டுக்கல் உட்பட ஐந்து மாவட்டத் தோல் ஆலைகளுக்குத் தலா 10,000 ரூபாய் அபராதம் போட்டது. அந்தத் தீர்ப்பு பேசியது நீரையும் நிலத்தையும் பற்றி. சமவெளிக் கிணறுகளுக்கு அது தேவைதான். கையைப் பற்றிப் பேசிய சட்டம் அதற்கும் பழசு. 1948 தொழிற்சாலைகள் சட்டத்தின் மூன்றாவது அட்டவணையில் குரோம் புண் பெயர் சொல்லியே இருந்தது. நிர்வாகியும் தெரிவிக்கணும், பார்த்த மருத்துவரும் தெரிவிக்கணும். 2020ல் இயற்றிய தொழிற்பாதுகாப்புச் சட்டத்தொகுப்பின் அட்டவணையிலும் அது இருக்கிறது. ஆனால் சீட்டில் 'அரிப்பு' என்று எழுதிக் களிம்பு கொடுத்து அனுப்பினால் எந்த அட்டவணைக்கும் அது போய்ச் சேராது.

ரமசினி என்ற இத்தாலிய மருத்துவர் 1700ல் வந்த தன் நூலில், நோயாளியிடம் 'என்ன வேலை பார்க்கிறாய்' என்று கேட்கச் சொன்னார். தொழிலாளியோடு ஆஸ்பத்திரிக்குக் கூடப்போகிற மாணவத் தோழர்கள் சீட்டில் அந்த ஒரு வரியை எழுதவைக்கணும்: தோல்ஷாப், சுண்ணாம்புக் குழி, இத்தனை வருஷம். நோயின் பெயர் அதற்கடுத்த வரியில் வரட்டும்.